கழுவி, காயவைத்து, கட்டித் தொங்கவிட்ட குப்பை

கொழும்பு வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியில் சில குடும்பங்களிடம் ஒரு மாதக் குப்பையைக் கேட்டு வாங்கினோம். சாப்பாட்டுக் கழிவு வேண்டாம். பொருளைச் சுற்றி வந்த உறை, பக்கெட், போத்தல், டின், பெட்டி மட்டும். அவற்றை வீட்டுக்கு ஒரு கயிறாகக் கட்டி ஒரு மண்டபத்தில் தொங்கவிட்டோம். அழைப்பிதழில் நிறுவல் கலை என்று போட்டாலும் எங்களுக்குள் அது 'குப்பைக் கயிறு'தான். பார்த்தவர்களில் பலர் தங்கள் பாடசாலையிலும் அலுவலகத்திலும் இப்படி ஒன்று செய்ய வேண்டும், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தொலைபேசியில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் ஓவியர் இல்லை. பிஸ்கட், பால்மா போன்றவை அடைத்து வரும் பக்கெட் உறைகளை அச்சடிக்கும் நிறுவனம் ஒன்றில் பல வருடம் கணினியில் ஆர்ட்வேர்க் செய்தவள். பார்கோட் எங்கே வரும், காலாவதித் திகதிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், மூன்று மொழியையும் உள்ளங்கை அகலத்துக்குள் எப்படி அடக்குவது என்பதெல்லாம் என் வேலை. ஆகவே, பொதி என்றாலே பாவம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. கொழும்புக் காற்றில் ஒரு கிறீம் கிறேக்கரைத் திறந்து வைத்துப் பாருங்கள், பின்னேரத்துக்குள் இளகிப்போய்விடும். பால்மா கட்டிபட்டுவிடும். அந்த ஈரத்தைத் தடுக்கத்தான் பக்கெட்டுக்கு இரண்டு மூன்று படை வைக்கிறார்கள். வெளியே 12 மைக்ரோன் பொலியெஸ்டர், நடுவில் வெள்ளிபோல மினுங்கும் அலுமினியப் படை, உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பொலித்தீன். எழுத்துகள் வெளிமுகத்தில் இருப்பதில்லை. வெளிப்படையின் உள்முகத்தில் தலைகீழாக அச்சடித்து, அடுத்த படையை அதன்மேல் ஒட்டிவிடுவோம். எவ்வளவு தேய்த்தாலும் பெயர் அழியாததற்குக் காரணம் அதுதான். ஒட்டிய அந்தப் படைகளைத் திரும்பப் பிரித்து எடுப்பது வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாததற்கும் காரணம் அதுவே. பிஸ்கட்டை மொறுமொறுப்பாக வைத்திருக்கும் கெட்டித்தனமும், பிஸ்கட் முடிந்தபிறகு வரும் தலையிடியும் ஒரே பசையில் இருக்கின்றன. இதை எங்காவது சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

முதல் கூட்டத்தில் வந்த யோசனைகள் திமிங்கிலம், ஆமை, பெரிய அலை. நான் சண்டை பிடித்தேன். பிளாஸ்டிக் மீன் செய்யாத பாடசாலை இந்த ஊரில் உண்டா? மீனைப் பார்க்கிறவர் மீனுக்காகப் பரிதாபப்படுவார். தன் குசினி அவருக்கு ஞாபகம் வராது. குழுவில் ஓவியம் படிக்கும் தம்பி ஒருவர் எல் அனட்சுயியின் படங்களைக் காட்டினார். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த அந்தச் சிற்பி, சாராயப் போத்தல் மூடிகளைத் தட்டி மடித்து, செப்புக் கம்பியால் கோத்து, சுவரளவு விரிப்பாகத் தொங்கவிடுவார். பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த அழகுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அவருடைய கைத்திறனில் ஒரு பங்குகூட இல்லாத நாங்கள் அழகுக்கு மட்டும் ஆசைப்பட்டால், கடைசியில் செல்ஃபிக்குப் பின்திரைதான் மிஞ்சும்.

அதனால் எதையும் எதுவாகவும் மாற்றுவதில்லை என்று முடிவானது. வந்த பொருளை வந்த வரிசையில் கட்டுவது. மாதத்தின் முதல் நாள் கயிற்றின் உச்சியில், கடைசி நாள் தரைக்கு அருகில்.

இப்படி ஒன்று செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கண்காட்சியின் கடைசி நாளிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள் என்பதைத்தான். மண்டபம் பார்ப்பதற்கு முன்பே நாங்கள் போனது எங்கள் ஒழுங்கை முனையில் பழைய போத்தல், பேப்பர், இரும்பு வாங்குகிறவரிடம். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எதை எடுப்பீர்கள், எதை எடுக்கமாட்டீர்கள் என்று கேட்டோம். தண்ணீர்ப் போத்தல், ஷாம்பு போத்தல், டின், கண்ணாடிப் போத்தல், கார்ட்போர்ட் எல்லாம் ஒரு பக்கம் போயிற்று. பிஸ்கட் உறையையும் பால்மா பக்கெட்டையும் கையாலேயே தள்ளிவிட்டார். "இந்த வெள்ளிப் பேப்பர் வேணாம் அக்கா. ஒரு சாக்கு நிறையச் சேர்த்தாலும் தராசு அசையாது. யோகட் கப்பும் அப்படித்தான்."

எங்கள் கண்காட்சியே அந்தப் பேச்சிலிருந்துதான் வந்தது. அவர் எடுப்பதைப் பச்சைப் பருத்தி நூலால் கட்டினோம், எடுக்காததைச் சிவப்பு நூலால். கயிறுகள் ஏறியபின் தூரத்தில் நின்று பார்த்தால் மண்டபம் முழுக்கச் சிவப்பு. தராசில் வைத்தால் கதை மாறும்: எடையில் பெரும்பங்கு பச்சைக்குத்தான். எண்ணிக்கையில் தோற்று எடையில் வெல்வது எப்படி என்று பிள்ளைகள் கேட்டார்கள். பழைய சாமான் வியாபாரம் எடையில் நடக்கிறது. பக்கெட் செய்பவரின் கெட்டித்தனம் எடையைக் குறைப்பதில் இருக்கிறது. பாரம் குறையக் குறைய லொறிச் செலவும் மூலப்பொருளும் மிச்சம், நல்லதுதான். ஆனால் அதே அளவுக்கு அதைப் பொறுக்கி எடுக்கிறவருக்குக் கிடைப்பதும் குறைந்துபோகிறது. இதற்கு நாங்கள் விளக்கப் பலகை வைக்கவில்லை. வாசலில் ஒரு தராசை மட்டும் வைத்தோம்.

கடைசி நாளை முன்னமே யோசித்ததில் வேறு சில முடிவுகளும் தானாக விழுந்தன. பசை இல்லை, பெயின்ற் இல்லை, மினுக்கம் இல்லை. பெயின்ற் அடித்த போத்தலை யாரும் எடுக்கமாட்டார்கள். தங்கூசியில் (மெல்லிய நைலோன் இழையில்) கட்டினால் எல்லாம் அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும் என்று ஒருவர் ஆசை காட்டினார். பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசப் புதுப் பிளாஸ்டிக்கை வாங்குவதா என்று ஆசிரியை ஒருவர் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தென்னந்தும்புக் கயிறு, பருத்தி நூல், தேவையான இடத்தில் மெல்லிய கட்டுக்கம்பி. மண்டபத்து மேற்கூரையில் பாரம் தொங்கவிடக் கூடாது என்றார்கள், அதனால் பந்தல்காரரிடம் மூங்கில் வாடகைக்கு எடுத்துத் தனிச் சட்டம் நிறுத்தினோம்.

கழுவுவது பெரிய வேலை. இதைப் பாதியாகச் செய்தால் திறப்பு விழாவுக்கு முன் கரப்பானும் எறும்பும் வந்துவிடும். பக்கெட்டை மேலே மட்டும் திறந்து கழுவினால் உள்மூலை காயாது. ஒரு பக்கத்தையும் அடியையும் வெட்டித் தட்டையாக விரித்துவிடுங்கள். பால்மா பக்கெட்டில் நேரே தண்ணீர் ஊற்றினால் பசையாகிவிடும். முதலில் காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். மீன் டின்னுக்குச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும், மூடியின் விளிம்பு கையை வெட்டாதபடி உள்ளே மடிப்பும். சோறு சுற்றிவரும் லஞ்ச் சீட்டில் ஏறிய கறி மஞ்சள் போகாது, விட்டுவிடுங்கள். இதற்கென்று நல்ல தண்ணீர் செலவழிக்க மனம் வரவில்லை; வீடுகளில் பாத்திரம் அலசும் கடைசித் தண்ணீரிலேயே ஒரு அலசு அலசித் தரச் சொன்னோம். பலர் செய்தார்கள். சிலர் செய்யவில்லை, அந்தப் பைகளைத் திறக்கும்போது நாங்களும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காயவைத்தது மொட்டைமாடியில், உடுப்புக் கொடியில். வெள்ளிப்பக்கம் வெயிலில் மினுங்கியதும் காகங்கள் இறங்கிவிட்டன. கொழும்புக் காகத்துக்குச் சொல்லியா தர வேண்டும்? கிளிப்பையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போகும். பழைய நுளம்பு வலையைப் போர்த்தித் தப்பினோம். யோகட் கப், டின், வெட்டிய போத்தல் எதையும் வாய் மேலே பார்க்க வைக்காதீர்கள். ஒரு மழை போதும், டெங்கு நுளம்புக்குத் தொட்டில் கட்டியாயிற்று. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் கலை என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

அடுத்தது, குப்பை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பது. யாருக்கு என்ன வருத்தம், யார் வீட்டில் யார் குடிக்கிறார்கள், பிள்ளை எந்தக் கடையில் கொம்பியூட்டர் வாங்கினான் எல்லாம் பைக்குள் இருக்கிறது. கூரியர் உறைகளில் பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் உண்டு. அதனால் முதலிலேயே பேசிக்கொண்டோம்: ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உரப்பை, தருவதற்கு முன் எதையும் எடுத்துவிடும் உரிமை வீட்டுக்காரருக்கு, பையை ஒருவர் மட்டும் திறப்பது, விலாசச் சீட்டுகளை வீட்டிலேயே கிழித்துவிடுவது, கயிற்றில் கதவிலக்கம் போடுவதில்லை. இவ்வளவும் செய்தபிறகும் மேல்மாடி அன்ரி ஒருவர் திறப்புக்கு முதல் நாள் இரவு கதவைத் தட்டினார். "பிள்ளை, அந்த மருந்துப் பெட்டியள மட்டும் கழட்டிவிடம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரரும் பாக்க வருவினம்." அந்த இரவே கழற்றினோம். கயிற்றில் அந்த இடத்தை நிரப்பாமல் வெறும் முடிச்சாகவே விட்டோம். அங்கே என்ன இருந்தது என்று பலர் கேட்டார்கள், நாங்கள் சொல்லவில்லை.

நிறுவனப் பெயர்கள் தெரியக் கட்டுவதா என்பதிலும் விவாதம். தெரிந்தால் ஒருவருக்கு விளம்பரம், இன்னொருவருக்கு வசை. இரண்டும் எங்கள் நோக்கம் அல்ல. எல்லா உறையையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் கட்டினோம். பெயரில்லாமல் யாருக்கு அடையாளம் தெரியும் என்று நினைத்தோம், பிள்ளைகள் மடிப்பையும் அளவையும் வைத்தே சரியாகச் சொன்னார்கள்.

நாள் வரிசையில் கட்டியதன் பலன் திறப்பன்று பின்னேரம்தான் விளங்கியது. ஒரு தாய் தன் வீட்டுக் கயிற்றின் முன் நின்று மகளுக்கு விரலால் காட்டிக்கொண்டிருந்தார். நூடில்ஸ் உறைகள் அடுத்தடுத்துத் தொங்கிய இடத்தில், "இது உன்ர சோதனைக் கிழமை." கொஞ்சம் கீழே லஞ்ச் சீட்டுகள் மட்டும் மஞ்சள் கறையோடு கூட்டமாக. "இது அம்மம்மாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்த நேரம். நான் சமைக்கேல்ல." நான் பக்கத்தில் நின்று கேட்டதை அவர் கவனிக்கவில்லை. திமிங்கிலம் செய்திருந்தால் அந்த அம்மாவுக்குப் பேச ஒன்றும் இருந்திருக்காது.

கயிற்றின் நீளத்தை வைத்து ஆட்களை எடைபோடும் ஆபத்தும் இருக்கிறது. எல்லாவற்றிலும் குட்டையான கயிறு, கம்பனி வேலைக்குப் போகும் இரண்டு இளைஞர்கள் இருக்கும் வீட்டுடையது. மூன்று வேளையும் வெளியே சாப்பாடு; அவர்களுடைய குப்பை கடையிலும் அலுவலகத்திலும் சேர்கிறது. நீளமான கயிறு, ஆட்கள் நிறைந்த, கை இறுக்கமான ஒரு வீட்டுடையது. பெரிய பக்கெட்டாக வாங்கினால் உறை குறையும் என்று அந்த அக்காவுக்குத் தெரியாதா? மாதம் முழுவதற்கும் ஒரேயடியாக வாங்க ஒரே நேரத்தில் கையில் காசு வேண்டும். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றவர்கள் நாம். கிடைத்த அளவை வாங்கிப் பழகியவர்கள். ஆகவே ஒவ்வொரு கயிற்றின் அடியிலும் வீட்டில் எத்தனை பேர், எத்தனை வேளை சமைக்கிறார்கள் என்று மூன்று மொழியிலும் ஒரு சிறு அட்டை வைத்தோம். அது இல்லாமல் இப்படியொரு கண்காட்சியைச் செய்யாதீர்கள். ஏழை வீட்டுக்குத்தான் கெட்ட பெயர் வரும்.

வராத பொருள்களும் கதை சொன்னன. ஐஸ்கிறீம் டப்பா ஒன்றுகூட வரவில்லை. எந்தத் தமிழ் வீட்டில் அதை எறிகிறார்கள்? குளிர்சாதனப் பெட்டியில் சம்பலும் கறிவேப்பிலையும் அதற்குள்தான் குடியிருக்கின்றன. சொப்பிங் பேக்குகள் வெறுமனே வரவில்லை, குப்பையைக் கட்டிக்கொண்டுதான் வந்தன. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் அதற்குக் காசு அறவிட வேண்டும் என்று வந்தபின் இன்னும் பத்திரமாக மடித்து வைக்கிறார்கள். 2017 செப்டெம்பர் 1 தொடக்கம் தடைசெய்யப்பட்ட ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) சோற்றுப் பெட்டி எந்தக் கயிற்றிலும் இல்லை. அதே நாளில் தடைவந்த பொலித்தீன் லஞ்ச் சீட்டின் இடத்தில் வேறு வேறு பெயரில் சீட்டுகள் இருந்தன. பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்கு 2023 ஒக்டோபர் 1இல் தடை வந்தது. பழைய தட்டை எவரும் எறியவில்லை, ஆகவே அதுவும் வரவில்லை. 20 மில்லிலீற்றருக்கோ 20 கிராமுக்கோ மேற்படாத சஷேக்களை, அதாவது சின்னஞ்சிறு பக்கெட்டுகளை, 2021இல் தடைசெய்தபோது உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு கொடுத்தார்கள். நூடில்ஸுக்குள் வரும் அந்த விரலளவு மசாலாப் பக்கெட் ஒவ்வொரு கயிற்றிலும் இருந்தது. கட்டுவதற்கு மிகவும் சிரமப்பட்டதும் அதைத்தான்.

மண்டபத்தின் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தோம். பிள்ளைகள் அதைவிட்டு அசையவில்லை. செலவில்லாத விஷயம், எந்த வகுப்பறையிலும் செய்யலாம். ஒரு தண்ணீர்ப் போத்தலின் மூடியையும், உடலிலிருந்து வெட்டிய ஒரு துண்டையும் போடுங்கள். மூடி மிதக்கும், துண்டு அடிக்குப் போய்விடும். மூடி பொலித்தீன் அல்லது பொலிப்புரொப்பிலீன், தண்ணீரைவிட இலேசு. உடல் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், தண்ணீரைவிடப் பாரம். யோகட் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்டைரீன், துண்டு மெதுவாகத் தாழும். அதே பொலிஸ்டைரீனை வாயுவால் உப்பவைத்தால் ரிஜிபோம், மிதக்கும். மூடி பூட்டிய முழுப் போத்தலும் உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும். மூடியைக் கழற்றித் தண்ணீர் புகுந்தால் போய்விடும். மரைன் டிரைவ் பக்கம் கரையில் நாம் காண்பது மிதக்கத் தெரிந்ததை மட்டும் என்று ஒரு பையன் தானாகவே கண்டுபிடித்துச் சொன்னான். வெள்ளவத்தைக் கால்வாயின் அடியில் என்ன இருக்கும் என்பது அவனுடைய அடுத்த கேள்வி.

தொட்டிக்குப் பக்கத்தில் மூடி முத்திரையிட்ட ஒரு போத்தலில் பிளாஸ்டிக் மணிகள் கலந்த கடற்கரை மணல் கொஞ்சம். 2021 மே 20இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2இல் அமிழத் தொடங்கியது. அதில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. நீர்கொழும்புப் பக்கம் கரை வெள்ளையாகக் கிடந்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த மணி எனக்குப் புதிதல்ல. என் பழைய வேலையிடத்தில் பொலித்தீன் ஊதும் பிரிவுக்கு அதுவேதான் 25 கிலோ பைகளில் வந்து இறங்கும். அது உருகிப் படலமாகி, அச்சேறி, வெட்டப்பட்டுத்தான் பக்கெட் ஆகிறது. எரிந்த கப்பலிலிருந்து வந்த மணியில் வேறு இரசாயனமும் சேர்ந்திருக்கலாம் என்பதால், தொட வேண்டாம் என்று எழுதி வைத்தோம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். நம் ஆட்கள் எதைத் திறந்தாலும் குத்துவிளக்கு வேண்டும். தொங்கும் பொலித்தீனுக்குப் பக்கத்தில் சுடர், அதற்குமேல் சுழலும் பேன். விளக்கை வாசலுக்கு வெளியே வைத்தோம், உள்ளே எல்.ஈ.டி. விளக்குகள் மட்டும், இரண்டு தீயணைப்பான்களும். பேனை மெதுவாக ஓடவிட்டோம், கயிறுகள் சரசரக்கும் சத்தத்தை நிறையப் பேர் விரும்பினார்கள்.

இறக்குவது ஒரு பின்னேரத்தில் முடிந்தது, நூலின் நிறம்தான் காரணம். பச்சையெல்லாம் ஒழுங்கை முனைக்குப் போனது. கிடைத்த காசு மூங்கில் வாடகையில் ஒரு மூலைக்குத்தான் காணும். சிவப்பை மாநகரசபை லொறிக்குத் தரம்பிரித்துக் கொடுத்தோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின்தான் எங்கள் பக்கம் தரம்பிரித்துக் கொடுக்கும் பழக்கம் இறுகியது. இப்போது கெரவலப்பிட்டியில் 2021இல் இயங்கத் தொடங்கிய 10 மெகாவாட் மின் நிலையத்தில் கொழும்புக் குப்பையின் ஒரு பகுதி எரிகிறது. வெள்ளிப் பக்கெட்டுக்கு இந்த ஊரில் இப்போதைக்கு இருக்கும் நல்ல வழி அநேகமாக அதுதான். அதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாப் படையும் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த பக்கெட்டுகள் வர வேண்டும்; அதைச் செய்ய முடியும் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், விலைதான் பேச்சு. வீட்டுக்காரர்களைக் குறைசொல்லும் கண்காட்சிகளுக்கு நடுவில், என் பழைய சகபாடிகள் சிலர் வந்து சிவப்பு நூல்களை எண்ணிக்கொண்டு நின்றது எனக்குத் திருப்தி.

தும்புக் கயிறுகள் சுருட்டி என் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கின்றன, மிஞ்சிய நூலும் அங்கேதான். இரண்டு பாடசாலைகள் கேட்டிருக்கின்றன, கொடுக்கச் சம்மதம். பக்கெட்டுகளை மட்டும் அவர்கள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்து கழுவிக்கொண்டு வர வேண்டும்.